கூட்டு வியாபாரமா? குத்தகை வியாபாரமா?

மோட்டார் வண்டித் தொழிலைப்பற்றி நம் நாட்டில் இரண்டு விதமான பேச்சு நடந்து வருகிறது. ஒரு கூட்டத்தார், "அந்நியக் கம்பெனிக்காரன் வந்து ஒரு தொழிற்சாலையை வைத்துவிட்டால் போதும், ஊருக்கு உத்தியோகமும் வரும், தொழில் ஞானமும் தானாகவே வந்துவிடும்" என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "வண்டியின் நெற்றியில் நம் நாட்டுப் பெயரை ஒட்டிவிட்டால் போதும், அது நம்முடைய வண்டியாகிவிடும், அதை வாங்குவதே தேசபக்தி" என்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒருவருக்கொருவர் பரம விரோதிகளாக நினைத்துக்கொண்டிருந்தாலும், நமக்கு என்னமோ இவர்கள் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளாகவே தோன்றுகிறார்கள். ஏனென்றால், கேட்கவேண்டிய ஒரே கேள்வியை இருவருமே கேட்பதில்லை. அதாவது, அந்த வண்டியைச் செய்கிற அறிவு யார் தலையில் இருக்கிறது? நாளைக்கு அந்தத் தலைக்கு உடையவன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டால், இங்கே மிஞ்சுவது என்ன?

இந்தக் கேள்வி நமக்குப் புத்தகம் படித்து வந்ததல்ல. சிறு வயதில் நாம் ஒரு மோட்டார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தோம். எஞ்சினைக் கழற்றித் துடைப்பது, நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவுவது, ஜாக்கி போடுவது எல்லாம் நம் வேலை. ஆனால் எஞ்சினைப் பூட்டி டைமிங் வைக்கிற நேரம் வந்தால் மட்டும் மேஸ்திரி தலையைத் தூக்கி, "டேய், போய் நாலு டீ வாங்கி வா" என்பார். டீயோடு திரும்பி வருவதற்குள் டைமிங் வைத்து முடிந்திருக்கும். இரண்டு வருஷம் அந்தப் பட்டறையில் "கூட இருந்தோம்". கூட இருந்ததினாலேயே டைமிங் வைக்கத் தெரிந்துவிட்டதா? தெரியவில்லை. பிறகு ஒரு பழைய எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கி, பத்துத் தடவை தப்பாகப் பூட்டிப் பதினோராந் தடவை சரியாகப் பூட்டியபோதுதான் தெரிந்தது.

தோழர்களே! இந்தச் சிறு சங்கதியைப் பெரிய அளவில், ஒரு தேசத்தின் அளவில், நாற்பது வருஷ காலம் நடத்திப் பார்த்த நாடு சீனா. ஆகவே அந்த நாட்டின் கணக்கைச் சற்று விவரமாகப் பார்ப்போம்.

கூட்டு என்றால் என்ன?

முதலில் "கூட்டுக் கம்பெனி" என்ற வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்நிய முதலாளி கொண்டுவருவது அவனுடைய பெயர், வண்டியின் வரைபடம், யந்திரம், கொஞ்சம் பணம். உள்ளூர்க்காரன் கொடுப்பது நிலம், கட்டடம், கூலியாள், சர்க்காரின் தயவு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் நாட்டுச் சந்தை. ஆரம்பத்தில் வண்டியைப் பிரித்த சாமான்களாகப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்புவான். இங்கே அவற்றை எடுத்துப் பூட்டி, சாயம் பூசி, "இந்த நாட்டில் செய்தது" என்று சீட்டு ஒட்டுவார்கள். பெட்டிச் சாமானுக்கு விலை வைப்பவன் அவன். வரைபடத்துக்கும் பெயருக்கும் வாடகை கேட்பவனும் அவனே. வருஷ முடிவில் கூட்டில் நஷ்டம் என்று காட்டினாலும், சாமான் விற்ற வகையில் அவனுக்கு இலாபமே. இது கூட்டா? நிலத்தை நீ கொடு, விதையையும் ஏரையும் நான் வாடகைக்குத் தருகிறேன், விதை செய்யும் வித்தையை மட்டும் கேட்காதே என்றால், அதற்கு நம் கிராமத்தில் குத்தகை என்று பெயர்.

சீனத்தின் முதல் பாடம்

1979-ஆம் வருஷத்தில் சீன சர்க்கார் அந்நியரோடு கூட்டுச் சேர்ந்து தொழில் நடத்துவதற்கு ஒரு சட்டம் செய்தது. அதன்படி மோட்டார் தொழிலில் முதன்முதல் வந்த பெரிய கூட்டு, அமெரிக்கன் மோட்டார்ஸ் என்ற கம்பெனியும் பெய்ஜிங் நகரத்து மோட்டார் தொழிற்சாலையும் சேர்ந்தது. 1983-இல் ஒப்பந்தம், 1984-இல் வேலை ஆரம்பம். "பெய்ஜிங் ஜீப்" என்று பெயர். அமெரிக்கருடைய பங்கு நூற்றுக்கு 31 சொச்சம்.

சீனர்கள் எதிர்பார்த்தது என்ன? தங்கள் பட்டாளத்துக்கு உபயோகப்படும்படியான, துணிக்கூரை போட்ட, நான்கு கதவுள்ள ஒரு புது ஜீப்பை இரு தரத்தாரும் சேர்ந்து உண்டாக்க வேண்டும் என்பது. அமெரிக்கர் எதிர்பார்த்தது என்ன? தாங்கள் ஏற்கெனவே செய்துவரும் செரோக்கி என்ற வண்டியைப் பெட்டிச் சாமானாக அனுப்பிக் காசு பண்ணவேண்டும் என்பது. நடந்தது எது? செரோக்கிதான் வந்தது. சாமானுக்கு டாலரில் பணம் கட்டவேண்டும். சீனத்திலோ அப்போது டாலருக்குப் பஞ்சம். 1986-இல் சாமான் வரத்து நின்று தொழிலே முடங்கும் நிலைமை வந்து, அமெரிக்கத் தரப்பார் சீனப் பிரதம மந்திரிக்கே முறையிட்டுக் கடிதம் எழுதிய பிறகுதான் ஒரு சமரசம் ஏற்பட்டது. அந்தப் புது ஜீப் மட்டும் வரவே இல்லை. அடுத்த வருஷம், 1987-இல், அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனியையே கிரைஸ்லர் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. சம்பந்தி வீட்டாரே மாறிவிட்டார்கள்; சீனர்களை யாரும் கேட்கவில்லை.

டயரும் ரேடியோவும்

இரண்டாவது கூட்டு, ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனும் ஷாங்காய் நகரத்தாரும் 1984-இல் கையெழுத்திட்டது. பங்கு சரிபாதி. வண்டியின் பெயர் சான்டானா. சொந்த ஊரான ஜெர்மனியில் அவ்வளவாக எடுபடாத வண்டி. சந்தையில் வேறு போட்டி இல்லாததால் ஷாங்காயில் அதுவே ராஜாவாக ஓடியது.

அந்த வண்டியில் சீனத்திலேயே செய்த சாமான் எவ்வளவு தெரியுமா? 1987-இல் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. டயர், ரேடியோ, அதன் ஏரியல் கம்பி போன்ற சில்லறைச் சாமான்கள்தான். மூன்று வருஷம் கூட்டு நடத்திக் கண்ட பலன் டயரும் ரேடியோவும்!

ஆனால் இந்தக் கதையில் நாம் கவனிக்கவேண்டிய நல்ல பகுதி ஒன்றும் உண்டு. அதை மறைத்துப் பேசினால் நாமும் பிரசாரப் புளுகர்களாகிவிடுவோம். 1988-இல் ஷாங்காயின் மேயராக வந்த ஜு ரோங்ஜி என்பவர், சாமான்களை உள்ளூரிலேயே செய்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். விற்கும் ஒவ்வொரு வண்டியின் பேரிலும் ஒரு தொகையை வசூல் செய்து, அதைச் சாமான் செய்யும் சிறு தொழிற்சாலைகளுக்கு உதவியாகக் கொடுத்தார்கள். தரத்தில் ஜெர்மன்காரன் ஒப்புக்கொண்டால்தான் சாமான் வண்டியில் ஏறும் என்றும் ஏற்பட்டது. 1990-களின் பிற்பகுதிக்குள் அந்த வண்டியின் பெரும்பகுதிச் சாமான் சீனத்திலேயே ஆகத் தொடங்கிவிட்டது. இதைச் செய்தது எது? கூட்டு ஒப்பந்தக் காகிதமா? அல்ல. கணக்குக் கேட்டதும், பணம் ஒதுக்கியதும், "சரியில்லை, திரும்பச் செய்" என்று திருப்பி அனுப்பப்பட்ட சாமான்களைக் கையில் வைத்துக்கொண்டு சிறு பட்டறைக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதுமே அதைச் செய்தது.

இதற்கு நேர்மாறான கதை தெற்கே குவாங்ஜோ நகரத்தில் நடந்தது. பிரெஞ்சுக்காரரின் பியூஜோ கம்பெனி அங்கே 1985-இல் கூட்டுச் சேர்ந்து, 1997-இல் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. அடுத்த வருஷமே அந்த இடத்தில் ஜப்பானியரின் ஹோண்டா வந்து உட்கார்ந்தது. அதே நிலம், அதே கொட்டகை. பெயர்ப்பலகை மட்டும் வேறு! பன்னிரண்டு வருஷக் கூட்டில் அந்த ஊரார் ஒரு வண்டியைத் தாங்களே செய்யக் கற்றிருந்தால், அடுத்த மாப்பிள்ளையைத் தேடி ஓடவேண்டிய அவசியம் என்ன?

சரிபாதிச் சட்டம்

1994-இல் சீன சர்க்கார் ஒரு கட்டளை போட்டது. அந்நியன் வண்டி செய்வதானால் கூட்டுச் சேர்ந்துதான் செய்யவேண்டும். அவன் பங்கு நூற்றுக்கு 50-க்கு மேல் போகக்கூடாது. ஒரே ரக வண்டிக்கு இரண்டு கூட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது. கூடவே வெளிநாட்டு வண்டிக்குப் பெரிய இறக்குமதி வரி. 2001-இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்வதற்கு முன்பு அந்த வரி நூற்றுக்கு 80 முதல் 100 வரை இருந்தது. 2006-இல் 25 ஆகவும், 2018-இல் 15 ஆகவும் இறங்கியது.

"சந்தையைக் கொடுப்போம், ஞானத்தை வாங்குவோம்" என்பதே இதன் சித்தாந்தம். கேட்பதற்கு வெகு நியாயமாக இருக்கிறது. நடந்தது என்ன?

ஃபோக்ஸ்வாகன் ஷாங்காயில் ஒரு கூட்டு, சாங்சுன் நகரத்தில் மற்றொரு கூட்டு என்று வைத்துக்கொண்டது. ஷாங்காய்க் கம்பெனியோ ஃபோக்ஸ்வாகனோடும் கூட்டு, 1997 முதல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸோடும் கூட்டு. குவாங்ஜோக் கம்பெனி ஹோண்டாவோடும் டொயோட்டாவோடும் கூட்டு. ஆக, உள்ளூர்ப் பெரிய கம்பெனிகளுக்கு வண்டி செய்யும் வித்தையைக் கற்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. வண்டி விற்றால் பாதி இலாபம் வீடு தேடி வருகிறது. வரி மதில் வெளிவண்டியைத் தடுக்கிறது. சட்டம் அந்நியனைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுகிறது. வாடகை வீடு நாலு வைத்திருப்பவன் கொத்துவேலை கற்பானா? "இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த" கதையாகத் தங்கள் சொந்த முயற்சியை ஓரங்கட்டினார்கள்.

இது நம்முடைய வம்பு அல்ல. சீனத்தின் யந்திரத் தொழில் மந்திரியாயிருந்த ஹே குவாங்யுவான் என்பவரே 2012-இல் இந்தக் கூட்டு முறையை அபினுக்கு ஒப்பிட்டு, ஒரு தடவை பழகிவிட்டால் விடமுடியாது என்ற கருத்தில் பகிரங்கமாகப் பேசினார். அபின் என்ற வார்த்தைக்குச் சீனத்தில் என்ன அர்த்தம் என்பது சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். அந்த வார்த்தையை ஒரு முன்னாள் மந்திரி வாய் தவறிச் சொல்லியிருக்க மாட்டார்.

பங்கில் என்ன இருக்கிறது?

பங்கு, பங்கு என்று பறையடிப்பவர்கள் இன்னொரு வேடிக்கையையும் கவனிக்கவேண்டும். 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி அமெரிக்காவில் திவாலாகிக் கோர்ட்டு ஏறியது. அந்த நெருக்கடியில், ஷாங்காய்க் கூட்டில் தன்னிடமிருந்த பாதியில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சீனக் கூட்டாளிக்கு விற்றது. உடனே 51 சீனருக்கு, 49 அமெரிக்கருக்கு என்று ஆயிற்று. சட்டப்படி சீனரே எஜமானர். ஆனால் அதனால் அடுத்த நாள் காலையில் எஞ்சினை வரையும் கை மாறிவிட்டதா? மாறவில்லை. 2012-இல் அந்த ஒரு பங்கை அமெரிக்கர் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அறிவை நூற்றுக்கு இத்தனை என்று பத்திரம் எழுதிப் பதிவு செய்யமுடியாது, தோழர்களே! நிலத்தைத்தான் அப்படிச் செய்யமுடியும்.

கற்றவர்கள் யார்?

சரி, பிறகு சீனத்தில் வண்டி செய்யக் கற்றவர்களே இல்லையா? இருக்கிறார்கள், இன்று உலகமே அவர்களைப் பார்த்துக் கலங்குகிறது. ஆனால் அவர்கள் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வாங் சுவான்ஃபு என்பவர் குடியானவர் வீட்டுப் பிள்ளை. சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். இரசாயனம் படித்துவிட்டு, 1995-இல் ஷென்ஜென் நகரத்தில் டெலிபோனுக்கு வேண்டிய மின்கலம், அதாவது பாட்டரி, செய்யும் பட்டறையாக பிஒய்டி கம்பெனியைத் தொடங்கினார். விலையுயர்ந்த ஜப்பான் யந்திரம் வாங்கக் காசில்லாததால், அந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆட்களைக் கொண்டே செய்வித்தார். 2003-இல் ஒரு நலிந்த மோட்டார் கம்பெனியை வாங்கி வண்டித் தொழிலில் இறங்கினார். லி ஷுஃபு என்பவர் குளிர்பெட்டிச் சாமானும் மோட்டார் சைக்கிளும் செய்துவிட்டு, 1998-இல் கீலி என்ற பெயரில் முதல் காரை வெளியிட்டார். 1997-இல் வூஹு நகரத்தில் ஏற்பட்ட செரி கம்பெனியோ, இங்கிலாந்திலிருந்து பழைய எஞ்சின் யந்திரத் தொகுதியை வாங்கிக் கொண்டுவந்து தொடங்கியது. இந்த மூவரும் தொழிலில் கால் வைத்தபோது அந்நிய மாப்பிள்ளை எவனும் இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே அவர்கள் தாங்களே பூட்டிப் பார்க்கவேண்டியதாயிற்று. பிறர் வண்டியைப் பார்த்துக் காப்பியடித்தார்களா என்றால், அடித்தார்கள். ஆரம்ப கால வண்டிகளைப் பார்த்து உலகம் சிரித்தது. ஆனால் பத்துத் தடவை தப்பாகப் பூட்டியவன் பதினோராந் தடவை சரியாகப் பூட்டினான்.

இவர்கள் காற்றிலிருந்து கற்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டுக் கம்பெனிகளுக்குச் சாமான் செய்து பழகிய பட்டறைகளும், அங்கே வேலை பார்த்து வெளியேறிய எஞ்சினீயர்களும் தொழிலாளரும் இவர்களுக்குக் கிடைத்தார்கள். மின்சார வண்டிக்கு மத்திய சர்க்கார் 2022 முடிய உதவித்தொகையும் கொடுத்து வந்தது. ஆகக் கூட்டினால் பிரயோஜனமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கூட்டின் பிரயோஜனம் சட்டத்தில் சொன்ன கூட்டாளிக்குப் போய்ச் சேரவில்லை. பசியோடு வாசலில் நின்றவனுக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று சொல்லுகிறோம். அறிவு, தேவைப்பட்டவனிடம்தான் போகும். அது பத்திரத்தைப் பார்த்துப் போவதில்லை.

தலைகீழ்

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2010-இல் கீலி கம்பெனி, ஸ்வீடன் தேசத்தின் வோல்வோவை ஃபோர்டிடமிருந்து விலைக்கு வாங்கியது. சரிபாதிச் சட்டத்தைச் சீன சர்க்காரே 2018-இல் மின்சார வண்டிக்கும், 2020-இல் லாரி முதலியவற்றுக்கும், 2022-இல் எல்லாக் கார்களுக்கும் நீக்கிவிட்டது. 2019-இல் டெஸ்லா கம்பெனி கூட்டாளி எவனுமில்லாமலே ஷாங்காயில் தொழிற்சாலை நடத்தத் தொடங்கியது. 2018-இல் சுஸுகி சீனத்தை விட்டுப் போயிற்று. ஜீப் வண்டி செய்துவந்த கூட்டு 2022-இல் திவாலாயிற்று. எந்தப் பெயர் முதன்முதல் சீனத்தில் கூட்டு என்று வந்ததோ, அதே பெயர்! 2023-இல் மிட்சுபிஷி மூட்டை கட்டியது. அதே 2023-இல் சீனத்தில் அதிகம் விற்ற கார் என்ற இடத்தை ஃபோக்ஸ்வாகனிடமிருந்து பிஒய்டி பிடித்துக்கொண்டது.

அதைவிட விசேஷம்: அந்த வருஷத்திலேயே ஃபோக்ஸ்வாகன் கம்பெனி, ஷியாபெங் என்ற சீனக் கம்பெனியில் சுமார் 70 கோடி டாலர் கொடுத்துப் பங்கு வாங்கி, அவர்களோடு சேர்ந்து வண்டி செய்ய ஒப்புக்கொண்டது. ஜீப்பின் உடைமைக்காரரான ஸ்டெலான்டிஸ் கம்பெனி, லீப்மோட்டார் என்ற சீனக் கம்பெனியில் சுமார் 150 கோடி யூரோவுக்குப் பங்கு வாங்கியது. நேற்று "டீ வாங்கி வா" என்று சொன்ன மேஸ்திரி, இன்று பையனுடைய பட்டறை வாசலில் வந்து டைமிங் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்!

பெயர்ப்பலகைப் பக்தர்களுக்கு

இனித் தேசீய வண்டிக்காரர்களுடைய கணக்கைப் பார்ப்போம். மலேசியாவில் 1983-இல் புரோட்டான் என்ற தேசீயக் கம்பெனி ஏற்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷிக் கம்பெனிகளுக்கு அதில் நூற்றுக்கு 30 பங்கு. 1985-இல் சாகா என்ற வண்டி வந்தது. அது மிட்சுபிஷி லான்சரின் மறு அவதாரம். வரி மதிலுக்குள் அந்த வண்டி ஒரு காலத்தில் நாட்டு விற்பனையில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டது. வெளிவண்டிக்குக் கட்டிய வரியையெல்லாம் கொடுத்தது யார்? கிள்ளானிலும் ஈப்போவிலும் இருக்கும் நம் தமிழ்த் தோழர்கள் உள்பட மலேசியாவின் சகல ஜனங்களும்தான். மிட்சுபிஷி சுமார் இருபது வருஷத்தில் விலகிக்கொண்டது. 2017-இல் புரோட்டானின் நூற்றுக்கு 49.9 பங்கை வாங்கியது யார் தெரியுமா? சீனத்துக் கீலி! 2018-இல் புரோட்டான் பெயரில் வந்த எக்ஸ்70 என்ற புது வண்டியும் கீலியின் வண்டியே. 1983-இல் வண்டி விற்க மலேசியா தேசீயக் கம்பெனி வைத்தபோது லி ஷுஃபுவுக்கு மோட்டார் கம்பெனியே கிடையாது.

நம் நாட்டுக் கதையும் இதற்கு இளைத்ததல்ல. அம்பாசிடர் என்ற வண்டியை நம்மவர் "நம் நாட்டு வண்டி" என்று தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. 1950-களின் கடைசியில் வந்தது 2014 வரை ஓடியது. போட்டியில்லாத சந்தையில் அதைப் பெரிதாக மாற்றவேண்டிய அவசியம் முதலாளிக்கு ஏற்படவில்லை. கடைசியில் 2017-இல் "அம்பாசிடர்" என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பியூஜோக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. இத்தனை வருஷம் பூஜித்ததில் விலைபோனது பெயர்ப்பலகை!

இன்னொன்று: எம்.ஜி. என்ற வண்டி இன்று நம் சாலைகளில் ஓடுகிறது. பெயர் இங்கிலீஷ்காரன் பெயர். அதற்கு உடையவன் ஷாங்காய்க் கம்பெனி. குஜராத்தில் அதைச் செய்கிற தொழிற்சாலை 2017 வரை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுடையது. 2023 முதல் அதில் ஒரு இந்திய முதலாளிக்கு நூற்றுக்கு 35 பங்கு என்று ஏற்பாடு. இந்த வண்டியை வாங்குகிறவன் எந்தத் தேசத்துக்குப் பக்தி செலுத்துகிறான் என்பதைத் தேசீயவாதிகள்தான் சொல்லவேண்டும்!

மாருதியின் கதை வேறு விதம். 1982-இல் சர்க்கார் கம்பெனியோடு சுஸுகி கூட்டுச் சேர்ந்தபோது ஜப்பானியரின் பங்கு நூற்றுக்கு 26. 1992-இல் 50 ஆயிற்று. 2002-இல் எஜமானர் ஆனார்கள். 2007-இல் சர்க்கார் முழுவதுமாக வெளியேறிவிட்டது. நல்ல வண்டி வந்ததா என்றால், வந்தது. சாமான் செய்யும் பட்டறைகள் பெருகினவா என்றால், பெருகின. ஆனால் கூட்டு என்று தொடங்கியது கூட்டாகவே நிற்கவில்லை. அறிவு எந்தப் பக்கம் இருந்ததோ, அந்தப் பக்கமே கம்பெனியும் போய்ச் சேர்ந்தது.

நம் செங்கற்பட்டுப் பக்கம் மறைமலை நகரில் 1990-களில் மகிந்திராவும் ஃபோர்டும் கூட்டுச் சேர்ந்தார்கள். சில வருஷத்தில் ஃபோர்டே பெரும் பங்கை வாங்கிக் கொண்டது. 2021 செப்டம்பரில் "நஷ்டம், மூடுகிறோம்" என்று அறிவித்து, 2022-இல் அங்கே வண்டி செய்வதை நிறுத்திவிட்டது. நட்ட ஈட்டுக்காகத் தொழிலாளிகள் அன்று வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. மூடுவதா வேண்டாமா என்ற முடிவு அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. அதன் பலன் செங்கற்பட்டில் வீட்டுக் கடன் கட்டுகிற குடும்பத்தின் தலையில் விழுந்தது.

சில கேள்விகளுக்கு விடை

"அப்படியானால் அந்நியன் வரவே கூடாது என்கிறீரா?" என்று சிலர் கேட்கலாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. அறிவுக்கு ஜாதியும் இல்லை, தேசமும் இல்லை. எவனிடமிருந்தாலும் கற்கத்தான் வேண்டும். கற்காமல், கற்றதாக நினைத்துக்கொண்டிருப்பதுதான் கூடாது என்கிறோம்.

"சர்க்கார் சட்டம் போட்டுச் சொல்லிக்கொடுக்கச் செய்யலாமே?" என்கிறார்கள். சீன சர்க்காரைவிடக் கண்டிப்பான சர்க்காரை இவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்? பங்கைச் சட்டம் வாங்கித் தந்தது. டைமிங் வைக்கும் நேரத்தில் டீ வாங்க அனுப்புவதை அந்தச் சட்டத்தாலும் தடுக்க முடியவில்லை.

"நமக்கென்ன, நாலு பேருக்கு வேலை கிடைத்தால் போதாதா?" என்பது மூன்றாவது கேள்வி. வேலை வேண்டியதுதான், பசிக்கிறவனிடம் தத்துவம் பேச நாம் வரவில்லை. ஆனால் எந்த வேலை, எத்தனை வருஷம், அதில் என்ன கற்றுக்கொள்வான் என்று கேட்பது தத்துவம் அல்ல; தகப்பன் கேட்கவேண்டிய கேள்வி. ஒரே போல்ட்டைப் பத்து வருஷம் முறுக்கிவிட்டு, நாற்பதாவது வயதில் வாசலுக்கு அனுப்பப்படுகிற பிள்ளைக்கு ஊரில் வேறு என்ன தொழில் தெரியும்?

ஆகவே நாம் சொல்லுவது இவ்வளவுதான். அடுத்த முறை ஒரு மந்திரி மாலை போட்டுக்கொண்டு அந்நியக் கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று என்று போட்டோவுக்கு நிற்கும்போது, கை தட்டுவதற்கு முன்பு கணக்குக் கேளுங்கள்.

1. வண்டியில் எத்தனை சாமான் இங்கே ஆகிறது. ஐந்து வருஷத்தில் எத்தனை ஆகவேண்டும். ஆகாவிட்டால் என்ன தண்டனை?

2. வரைபடம் யாருடையது; அதைத் திருத்தும் அதிகாரம் நம் எஞ்சினீயருக்கு உண்டா?

3. சர்க்கார் கொடுக்கும் நிலம், தண்ணீர், வரித் தள்ளுபடி எல்லாம் சேர்ந்து எவ்வளவு? அந்தத் தொகையில் ஒரு பங்காவது நம் சிறு பட்டறைகளுக்குக் கொடுக்கப்படுகிறதா?

4. கம்பெனி போவதானால், தொழிலாளிக்கு என்ன வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று இப்போதே எழுதியாயிற்றா?

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். அளக்காமல் போட்டுவிட்டு, அந்நியனை வைவதிலும் பயனில்லை. பெயர்ப்பலகையைக் கும்பிடுவதிலும் பயனில்லை. மேஸ்திரி டீ வாங்க அனுப்பினால், "இன்றைக்கு டீயை நீங்கள் வாங்கி வாருங்கள், மேஸ்திரி, எஞ்சின் பக்கத்தில் நான் நிற்கிறேன்" என்று சொல்லுகிற துணிவு நம் பிள்ளைகளுக்கு வரவேண்டும். அதற்கு வேண்டிய படிப்பையும் பட்டறையையும் கொடுக்கிறவன் எவனோ, அவனே தேசத்துக்கு உழைத்தவன். மற்றவர்களெல்லாம் வாடகை வசூலிப்பவர்களே.

யோசித்துப் பாருங்கள்.